உப்பின் குணம்

"ஓட வேண்டிய வண்டியை இன்னொரு வண்டிக்குப் பின்னால் கட்டி, மேலே ஏற்றி வைத்து இழுத்துக்கொண்டு போகிறீர்களே, அண்ணாச்சி! இதைவிட அதற்கு வேறு அவமானம் வேண்டுமா?"

சாத்தான்குளத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தவர் என் நண்பரைப் பார்த்து இப்படிக் கேட்டார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தச் சமயத்தில் டிரெய்லர் மேல் நின்றுகொண்டு, காரின் மீது போர்த்தியிருந்த துணியை விலக்கி, எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதைப் பார்த்தார் என்பதைச் சொல்வதற்கு முன் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நண்பரின் சொந்த ஊர் பெரியதாழை. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு வழியாகக் கடற்கரையோடு தெற்கே போனால் வருகிற மீனவர் ஊர். அவருடைய தகப்பனார் கருவாட்டு வியாபாரி. நாலு பேர் கையில் பணம் புழங்கிய ஒரு நல்ல வருஷத்தில், தூத்துக்குடியில் ஒருவரிடமிருந்து பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கி வந்தார். அது 1966-ஆம் வருஷத்து வண்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்து விற்ற கார் அது. அம்பாஸிடர் கல்கத்தாவுக்கு, ஃபியட் பம்பாய்க்கு என்று இருந்த காலத்தில், "இது நம்ம ஊர்க் கார்" என்று சென்னைக்காரர்கள் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே வண்டி. 1980-களின் இறுதியில் அந்தக் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டது. இன்று ஒரு ஹெரால்டின் கதவுக் கைப்பிடி உடைந்தால், புதிதாக ஒன்று கடையில் வாங்க முடியாது.

தகப்பனார் அந்தக் காரைப் பாதுகாத்த விதம் விசித்திரமானது. அதற்குத் துணி போர்த்தியதே இல்லை. தினமும் சாயங்காலம் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் இறைத்து, அடிப்பக்கம் வரைக்கும் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு உவரி வரை போய்த் திரும்புவார். அவ்வளவுதான். கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் அந்தக் கார் முப்பது வருஷத்துக்கு மேல் நன்றாக ஓடியது.

2011-இல் அவர் காலமானார். கோவையில் வேலையிலிருந்த மகன் வந்து, காரியமெல்லாம் முடிந்தபின், அப்பாவின் காரைக் கொட்டகையில் நிறுத்தி, கனத்த தார்ப்பாயால் இறுக மூடிவிட்டுப் போனார். பக்தியோடு செய்த காரியம். பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது, கதவுக்குக் கீழே இருக்கும் தகடு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. உள்ளே புகுந்த உப்புக் காற்று வெளியே போக வழியில்லாமல் தார்ப்பாயின் அடியிலேயே தங்கி, ஈரத்தைத் தக்கவைத்துக்கொண்டு, ராப்பகலாக இரும்பைத் தின்றிருக்கிறது.

இனி இங்கே விட்டால் கார் மிஞ்சாது என்று கண்டு, கோவைக்குக் கொண்டுபோவது என்று அவர் முடிவு செய்தார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். மோட்டார் விஷயத்தில் எனக்கு ஞானம் கிடையாது. ஆனால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சம் கிடையாது. அந்தத் தகுதியில் நானும் போனேன்.

2023 ஆகஸ்டு 4, வெள்ளிக்கிழமை. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து ஒரு மெக்கானிக் ஜீப்பும் திறந்த டிரெய்லரும் கொண்டு வந்திருந்தார். அவர் காரை ஏற்றிய முறையை நான் வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை என்று சொல்வது தவறு. பாடம் என்றே சொல்லலாம்.

முதலில், காரின் மூக்கு ஜீப்பைப் பார்த்திருக்கும்படி ஏற்றினார். ஏன் என்று கேட்டேன். "என்ஜின் பாரம் முன்னால இருக்கணும் சார். பாரம் பின்னால போனா டிரெய்லர் நாய் வால் மாதிரி ஆடும். ஜீப்பையே இழுத்துக் கவுத்திரும்" என்றார். இன்னொரு காரணமும் சொன்னார். ஹெரால்டின் பானெட் மற்றக் கார்களைப் போலத் திறப்பதில்லை. மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். பின்னோக்கி ஏற்றினால் எதிர்க்காற்று அதன் அடியில் புகுந்து தூக்கிவிடப் பார்க்கும். முன்னோக்கி ஏற்றினால் அதே காற்று அதை அழுத்தி மூடி வைக்கும்.

பிறகு பாட்டரி வயரைக் கழற்றினார். சக்கர மூடிகளையும் ஏரியலையும் கழற்றிக் காருக்குள்ளேயே சாக்கில் சுற்றி வைத்தார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். ஜீப்பின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் அகலமான ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டார். ஜீப் சக்கரம் வாரி அடிக்கும் கல்தான் பின்னால் வரும் காரின் முகத்தைக் கெடுக்குமாம். கடைசியாக நாடாப் பட்டைகளை எடுத்து, நான்கு சக்கரங்களையும் டிரெய்லர் தளத்தோடு சேர்த்துக் கட்டினார். காரின் உடம்பில் ஒரு பட்டைகூடப் படவில்லை.

எனக்கு அது போதாது என்று பட்டது. "மேலேயும் குறுக்கே ரெண்டு கட்டு போட்டு நன்றாக இறுக்கிவிட்டால் என்ன?" என்றேன்.

மெக்கானிக் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். இளமையில் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். "கட்டுறது வேற, நெரிக்கிறது வேற தம்பி. வண்டிக்கு வில்லு இருக்குல்லா? அது பாட்டுக்கு ஏறி எறங்கணும். நகரக் கூடாத எடத்தைக் கட்டு. அசைய வேண்டிய எடத்தை விடு."

கட்டுமரத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆணி அடித்து இறுக்கிய படகு அல்ல அது. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அலை தூக்கும்போது ஒவ்வொரு மரமும் தன் தன் அளவுக்கு நெளிந்து கொடுக்கும், அதனால்தான் உடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். இப்போது அந்தக் கரையில் ஃபைபர் படகுகளே அதிகம். ஆனால் பெரியவரின் கைகள் இன்னும் கயிற்றை மறக்கவில்லை. பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி, நல்ல கனமான கார் உறை ஒன்றை என் செலவில் வாங்கி வந்திருந்தேன். நண்பருக்கு என் அன்பளிப்பு. திறந்த டிரெய்லர், வழியெல்லாம் வெயில், புழுதி, பறவை எச்சம். போர்த்தாமல் எப்படி அனுப்புவது? மெக்கானிக் முகத்தைச் சுளித்தார். "வேண்டாம் சார், நிக்கிற வண்டிக்குத்தான் இது" என்றார். பெரியவர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: "இது போர்வையா? பாய்லா! பாயை விரிச்சா காத்து சும்மா விடுமா?"

நான் கேட்கவில்லை. அன்போடு ஒன்றை வாங்கிவிட்டவனுக்குக் காது கேட்காது. போர்த்தி, நாலு மூலையிலும் கயிறு கட்டி, என் கையாலேயே முடிச்சுப் போட்டேன்.

கடற்கரையை விட்டு உள்ளே திரும்பியதும் தேரிக்காடு வந்தது. அந்தப் பக்கம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ரத்தச் சிவப்பாக மணல் மேடுகள், அவற்றின் நடுவே பனைகள். ஆனி, ஆடியில் மேல்காற்று வந்தால் மணல் எழுந்து ஊர் விட்டு ஊர் போகும். எங்கள் பின்னால் உறை படபடவென்று அடித்துக்கொண்டது ஜீப்புக்குள் கேட்டது. எனக்கு அது பத்திரமாக இருப்பதன் சத்தமாகவே பட்டது.

சாத்தான்குளத்தில் நிறுத்தினோம். புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் பட்டைகளைத் திரும்ப ஒரு முறை பார்க்க வேண்டுமாம். டயர் அமர்ந்து பட்டை தளரும். பட்டைகள் சரியாகவே இருந்தன. நண்பர் உறையை விலக்கினார். கூரையின் ஓரங்களிலும் மட்கார்டு வளைவுகளிலும் பெயின்ட் பளபளப்புப் போய், மங்கலாக, பூனை பிராண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே தேரி மணல் புகுந்துகொண்டது. காற்று துணியை அடிக்க அடிக்க, மணல் தேய்த்தது. தச்சர்கள் மரத்தை இழைக்கும் உப்புத்தாளைக் காரின் மேல் போட்டு அரை மணி நேரம் தேய்த்தால் என்ன ஆகுமோ, அது ஆகியிருந்தது. துணியில்லாமல் விட்டிருந்தால் அதே மணல் பட்டு, தெறித்து, போயிருக்கும். அதைப் பிடித்து வைத்துத் தேய்க்கக் கொடுத்தது என் உறைதான்.

அப்போதுதான் அந்த டீக்கடைக்காரரின் கேள்வி வந்தது: இதைவிட அவமானம் வேண்டுமா?

அவர் கேட்டது காரை ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றி. அதற்குப் பதில் சுலபம். வயதானவர்களை மலைக்கோயிலுக்கு டோலியில் தூக்கிக்கொண்டு போகிறோம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தன்னால் கடக்க முடியாத தூரத்தைப் பிறர் தோளில் கடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி தன் காலால் நடக்க முடிந்தால், தூக்கிப் போவது மரியாதைதான். சட்டமும் இதில் ஒரு வகையில் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய உருவிலேயே இருக்கும் வண்டியை அந்த வகையில் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிந்த பிறகு அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். மதிப்பும் கொடுத்து, நடமாட்டத்தையும் குறைக்கிற விதி. அதற்கு நியாயம் இருக்கிறது. புகையும் பழைய பிரேக்கும் பிறருக்கு ஆபத்து.

என்னை உறுத்தியது வேறு. அவமானம் செய்தது டிரெய்லர் அல்ல, நான். வேண்டாம் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் சொல்லியும், காரைப் பற்றி எதுவும் தெரியாத நான், அதைக் காப்பாற்றும் உரிமையை என் கையில் எடுத்துக்கொண்டேன். அன்று என் கவலை காரைப் பற்றியதா, என் மனநிம்மதியைப் பற்றியதா? போர்த்தியதும் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியின் விலையைக் கார் கொடுத்தது.

நம் வீடுகளில் இது எத்தனை முறை நடக்கிறது! நண்பர் வீட்டிலேயே நடந்தது. அதைச் சொல்ல அவர் அனுமதி தந்திருக்கிறார்.

கணவர் இறந்தபின் அவருடைய தாயார் பெரியதாழையில் தனியாக இருந்தார். வயது எழுபத்தைந்து தாண்டியதும், விழுந்தால் யார் பார்ப்பது என்று மகன் பயந்து கோவைக்கு அழைத்துப் போனார். மூன்றாவது மாடி. படி இறங்கக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது, வாடைக் காற்றில் உட்காரக் கூடாது. எல்லாம் அன்புதான். எட்டு மாதத்தில் அந்த அம்மாள் பாதியாக இளைத்துவிட்டார். டாக்டர்கள் பார்த்து நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். "நோய் ஒண்ணும் இல்ல ராசா. கடச் சத்தம் கேக்காம உறக்கம் வரமாட்டேங்கு" என்று அவரே சொன்னார். கடைசியில் ஊருக்கே கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் போனபோது, வாசலில் சாளைக் கருவாட்டைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டு, எங்களுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்து, கார் போவதை எழுந்து நின்று பார்த்தார்.

காரை ஊரிலிருந்து எடுத்துப் போகிறார் மகன். தாயாரை ஊரிலேயே விட்டுப் போகிறார். இரண்டையும் செய்தது ஒரே பாசம்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முரணாகத் தோன்றும். ஜீப்பில் போகும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாசலில் காய்ந்த கருவாட்டை நினைத்துப் பார்த்தபின்தான் விஷயம் பிடிபட்டது.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிச் சீமையில் உப்பைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்த உப்புதான் மீனைக் காக்கிறது. அதே உப்புதான் இரும்பை அழிக்கிறது. உப்புக்கு இரண்டு குணமா? இல்லை, ஒரே குணந்தான்: ஈரத்தைத் தன் பக்கம் இழுப்பது. மீனுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. கிருமி வாழ இடமில்லாமல் மீன் கெடாமல் நிற்கிறது. இரும்பின் மேல் படிந்தால், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து அதன் மேல் பூசி வைக்கிறது, துரு பிடிக்கிறது. காப்பதும் அழிப்பதும் உப்பின் தீர்மானம் அல்ல. எதன் மேல் படுகிறது என்பதைப் பொறுத்தது.

அன்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "நான் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். உப்புகூட அப்படிச் சொல்லலாம். காக்கப்படுவது மீனா, இரும்பா என்று அறியாதவனின் நல்லெண்ணம் யாருக்கும் உதவாது. காக்கிற கடமையில் முதல் பகுதி, காக்கப்படுவதன் இயல்பைத் தெரிந்துகொள்வது. தெரியாவிட்டால், தெரிந்தவர் பேச்சைக் கேட்பது.

அப்படியானால் எதையும் மூடாமல், கட்டாமல் விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுதந்திரம் என்ற பெயரில் அலட்சியத்தை விற்பவர்களும் உண்டு. மெக்கானிக் காரைக் கட்டாமல் விடவில்லை. சக்கரத்தைக் கட்டினார், வில்லை விட்டார். கல் எங்கிருந்து வருமோ அங்கே ரப்பரைத் தொங்கவிட்டார். காரை மறைப்பதற்குப் பதில் ஆபத்தை மறித்தார். இதற்குப் போர்வை போடுவதைவிட அதிக யோசனை வேண்டும். அதனால்தான் நம்மில் பலர் போர்வையோடு நின்றுவிடுகிறோம்.

தேர் ஓட்டுகிறவர்கள் இதை அறிவார்கள். திருவாரூர் ஆழித்தேர் பல வருஷம் நிலையிலேயே நின்றது. அத்தனை பெரிய தேரை நிறுத்தி வைப்பதுதான் பத்திரம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் 1970-இல் அது மறுபடி ஓடியது. திருச்சி பெல் தொழிற்சாலை அதற்கு இரும்பு அச்சும் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஓடாமல் காப்பது ஒரு வழி. ஓடும்போது நிற்கும்படி செய்து காப்பது இன்னொரு வழி.

அன்று பெரியதாழையில் எங்களுக்கு யோசனை சொன்ன அந்தப் பெரியவர் சாயங்காலமே தூத்துக்குடிக்குப் புறப்படுவதாகச் சொன்னார். மறுநாள், ஆகஸ்டு 5, பனிமய மாதா திருவிழா. 1806-இல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர், 2013-க்குப் பிறகு பத்து வருஷம் கழித்து, அன்றுதான் மறுபடி ஓட இருந்தது. "இனி எப்போ ஓடுமோ, நான் இருப்பேனோ என்னவோ. வடத்தை ஒரு தடவை தொட்டுரணும்" என்றார். வருஷம் தவறாமல் இழுப்பதில்லை. ஆனால் ஓடவே ஓடாது என்று யாரும் கதவைச் சாத்தவும் இல்லை. பத்து வருஷம் பூட்டி வைத்ததும் அந்த ஒரு நாளுக்காகத்தான். பூட்டி வைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

நிற்பதே தொழிலாகிவிட்ட வண்டிகளும் உண்டு. சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் எம்.ஜி.ஆரின் அம்பாஸிடர் நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் காரையா பார்க்கிறார்கள்? கோவையில் 2015-இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழைய வண்டிகளைச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த வண்டிகள் ஓடவில்லை. ஆனால் வேலை செய்கின்றன. தார்ப்பாய்க்கு அடியில் பன்னிரண்டு வருஷம் இருட்டில் இருந்த ஹெரால்டு இரண்டையும் செய்யவில்லை.

சாத்தான்குளத்தில் உறையைக் கழற்றிச் சுருட்டி ஜீப்பில் போட்டோம். மதுரை, திண்டுக்கல் வழியாக, திறந்த காராகவே கோவை வரை போனது. வழியில் ஒரு மழைகூடப் பெய்தது. நான் பதறினேன். மெக்கானிக், "பெய்யட்டும் சார், உப்பு கழுவிக்கிட்டுப் போகும்" என்றார். போய்ச் சேர்ந்ததும் அடிப்பக்கம் முழுவதும் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், ஒரு தடவை அல்ல, நாலு தடவை. தகப்பனார் முப்பது வருஷம் தினமும் செய்தது அதுதான்.

கதவுத் தகடு புதிதாக வெட்டிப் பற்றவைத்தாகிவிட்டது. என்ஜின் கிளம்புகிறது. பெயின்ட் செலவை நான் தருகிறேன் என்று நண்பரிடம் பல முறை சொன்னேன். "இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றே சொல்லிவந்தார். அந்தக் கோடுகள் இன்னும் கூரை ஓரத்தில் இருக்கின்றன.

போன தடவை பெரியதாழைக்குப் போனபோது அம்மாவின் வீட்டைப் பார்த்தேன். வாசல் படிக்கு இரும்புக் கைப்பிடி வைத்திருந்தார் நண்பர். உப்புக் காற்றுக்கு அது துருப்பிடிக்காமலிருக்க எவர்சில்வரில். குளியலறையில் வழுக்காத கல் பதித்திருந்தார். காலையும் மாலையும் வந்து பார்த்துப் போக அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருந்தார். "அது செய்யக் கூடாது, இது செய்யக் கூடாது" என்று எதுவும் சொல்லவில்லையாம்.

அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி, வாடைக் காற்றில் முக்காடு கூடப் போடாமல், கடலைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். என் கையில் ஒரு சால்வை இருந்தது. போர்த்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அவரிடமே கேட்டேன்.

"வேண்டாம்யா. நல்லா இருக்கு" என்றார்.